நாயின் நினைவாக 5 கி.மீ. ஓட்டம்: டி-ஷர்ட்டில் கரையும் பணம்

செல்ல நாயின் நினைவாக ஓட்டம் நடத்தி விலங்குக் காப்பகத்துக்குப் பணம் திரட்ட நினைத்தால், நாய் இறந்த நாளிலேயே அதை வைக்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அந்த நாள் மே மாதத்தில் விழுந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, மார்ச் பாதியிலேயே வெயில். பொங்கல் கழிந்து பிப்ரவரி முடிவதற்குள் வரும் ஞாயிறுகள்தான் தோது. அது பிறந்த நாளோ வீட்டுக்கு வந்த நாளோ அதற்குள் வந்தால் பிடித்துக்கொள்ளலாம். வராவிட்டால் நாய் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது பணம். முதல் தடவை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 200 பேர், ஆளுக்கு 400 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம்: 80,000 ரூபாய். டி-ஷர்ட் 180, பதக்கம் 80, ஓடி முடித்ததும் இட்லியும் பொங்கலும் 70. ஆளுக்கு 330 போய்விட்டது. மிச்சம் 14,000. ஆம்புலன்ஸ், ஷாமியானா, மைக், ஆன்லைனில் கட்டணம் வாங்கும் நிறுவனத்தின் கழிவு எல்லாம் சேர்ந்து 25,000 ஆனால், கையிலிருந்து 11,000 போட வேண்டும். காப்பகத்துக்கு ஒரு பைசா போகாது. பதக்கத்தை விட்டுவிடுங்கள். டி-ஷர்ட்டைத் தனியாக விலை வைத்து, முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அடியுங்கள். அதே 400 ரூபாயில் இப்போது 41,000 மிஞ்சும்.

டி-ஷர்ட்டில் நாயின் புகைப்படத்தை அப்படியே கொடுத்தால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கறுப்புத் திட்டாகத்தான் வரும். கறுப்பு நாய் என்றால் கண் மட்டும் தெரியும். ஒரே நிறக் கோட்டோவியமாக வரைந்து கொடுத்தால் செலவும் குறைவு, முகமும் தெரியும்.

சென்னையில் 1959ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் மாதிரிப் பெரிய விலங்கு நல அமைப்பானாலும், பக்கத்துத் தெருக் காப்பகமானாலும், பணம் எதற்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வெறிநோய்த் தடுப்பூசிக்கா, கருத்தடை அறுவைக்கா, அரிசி கோழிக்கா. 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடை வரிக்கழிவையும் பதிவுப் படிவத்திலேயே தெளிவுபடுத்த வேண்டும். ஓட்டக் கட்டணம் நன்கொடை ஆகாது. அதற்கு மேல் கொடுப்பதைக் காப்பகத்தின் கணக்கில் நேரே போடச் சொல்லுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலை மாதிரி இடங்களில் நேர்கோட்டில் 5 கி.மீ. கிடைக்காது. உள்தெருக்களையும் சேர்த்து 2.5 கி.மீ. வட்டமாக இரண்டு சுற்று விடுங்கள். முதல் சுற்று முடிக்கிறவர் கையில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட வேண்டும். ரப்பர் பேண்ட் இல்லாமல் முடிவுக் கோட்டுக்கு வந்தால் இன்னும் ஒரு சுற்று பாக்கி. இதைச் செய்யாவிட்டால் பாதி ஓடியவர் முதல் பரிசு கேட்டு நிற்பார்.

தூரத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தை நம்பி அளக்காதீர்கள், சைக்கிளில் அளங்கள். நேரான சாலையில் ஸ்டீல் டேப் வைத்து 300 மீட்டர் குறித்து, அதில் நான்கு முறை ஓட்டி, சக்கரம் எத்தனை சுற்று வருகிறது என்று பாருங்கள். ஆரக்காலில் ஒரு ரிப்பன் கட்டினால் எண்ண எளிது. பிறகு அதே போலச் சுற்றை எண்ணிக்கொண்டு பாதையை ஓட்டுங்கள், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி. முடித்ததும் அந்த 300 மீட்டரை மறுபடி நான்கு முறை. வெயில் ஏறினால் டயர் காற்று விரிந்து சுற்று எண்ணிக்கை மாறும், அதனால்தான் முன்னும் பின்னும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டி வையுங்கள். குறைந்துபோனால்தான் சண்டை வரும்.

காவல் நிலையம், போக்குவரத்துப் போலீஸ், மாநகராட்சி மூன்றுக்கும் பாதை வரைபடத்தோடு தனித்தனிக் கடிதம், குறைந்தது ஒரு மாதம் முன்பே. இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. ஆறரைக்கு ஓட்டம் என்றால் ஆறு மணிக்கு முன் மைக் டெஸ்டிங் வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை எலியட்ஸ் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும்; விளக்கைக் கடல் பக்கம் திருப்பாதீர்கள், மணலில் பாதை போடாதீர்கள்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் எட்டு: சுற்று முடியும் இடத்தில் இரண்டு, ஓட்டம் முடிந்து குடிக்க நான்கு, கழுவ ஒன்று, கையிருப்பு ஒன்று. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. பாத்திர வாடகைக் கடையில் 150 எவர்சில்வர் டம்ளர் எடுத்தால் போதும். கழுவ இரண்டு பேரை இப்போதே பேசி வையுங்கள், அன்று காலை யாரும் அகப்பட மாட்டார்கள்.

நெஞ்சில் குத்தும் எண் அட்டையில் ஒவ்வொருவரும் தம் செல்லத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அன்று காலை பேனாவால் எழுதினால் வியர்வையில் கரையும். பதிவிலேயே கேட்டு, மணி, டைகர், ஜிம்மி என்று அச்சடித்துவிடுங்கள். அட்டைக்கு நான்கு ஊக்கு, ஆக 800.

செல்ல நாய்களை ஓட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கூட்டத்தில் மிரளும், கயிறு காலில் சுற்றும், தெருநாய்கள் வம்புக்கு வரும். வேண்டுமானால் ஓட்டம் முடிந்து, தார் சூடாகும் முன், ஒரு கிலோமீட்டர் நடை. புறங்கையை ஐந்து விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் ஆகாது.

தெருநாய்களைக் கம்பெடுத்து விரட்டிவிட்டு நாயின் நினைவாக ஓடுவது அசிங்கம். அந்தத் தெருவில் தினமும் சோறு வைப்பவரைக் கண்டுபிடித்து, ஓட்டத்துக்கு அரை மணி முன்பு, பாதையை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நாய் துரத்தினால் நின்றுவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்கு அனுப்ப வேண்டும். டெட்டனஸுக்கான டி.டி. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது ஆபத்து.

மிஞ்சிய டிபனைத் தெருநாய்களுக்கு வைக்க யாராவது கிளம்புவார்கள். சாம்பாரோடு வைக்க விடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெறும் இட்லி மட்டும்.