அம்மாவுக்கு வந்த போன்

போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி. மாவு பிசைந்த கையோடு அம்மா போனை என்னிடம் நீட்டினார். கை நடுங்கியது. "உங்க பையன் 18,400 ரூபாய் கடன் பாக்கி. இப்பவே ஜிபேயில போடலைன்னா காலையில வீட்டுக்குப் போலீஸ் வரும்" என்றானாம் ஒருவன்.

நான் அப்படி எந்தக் கடனும் வாங்கவில்லை. ஆனாலும் என் முழுப்பெயரையும் பழைய வீட்டு முகவரியையும் அவன் சரியாகச் சொன்னபோது வயிற்றைக் கலக்கியது.

"எந்த வங்கி? கடன் எண் என்ன? உங்களை வசூலுக்கு நியமித்த கடிதத்தை அனுப்புங்க" என்று கேட்டேன். பதில் இல்லை, கத்தல்தான். அப்புறம் குரலைத் தணித்து ஆதார் எண்ணைக் கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

நிஜமான வசூல் முகவரே ஆனாலும் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீட்டில் இருப்பவர்களை மிரட்டவும் கூடாது. தவணை கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். அம்மாவுக்கு இதைப் புரியவைக்கத்தான் அன்று அதிக நேரம் ஆனது.

மறுநாள் என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்தேன். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். நம் பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். என்னுடையதில் முடிந்துபோன பைக் கடன் மட்டுமே இருந்தது. அவன் கூப்பிட்ட போன் எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் செய்தேன்.

பணம் போயிருந்தால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. அம்மாவின் போன் உறையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.