கீசருக்கு ஒரு கணக்கு, அதன் வயருக்கு வேறு கணக்கு

மின்தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா என்று கேட்டால், பத்தாம் வகுப்பில் ஓம் விதியைத் தலைகீழாக ஒப்பித்தவர்கள்கூடச் சற்றுத் தயங்குவார்கள். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும் என்கிறது ஒரு வாய்ப்பாடு. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் அதே மின்திறன் கிடைக்கும் என்கிறது இன்னொன்று. முதலாவதன்படி தடை கூடக்கூட வெப்பம் கூட வேண்டும், இரண்டாவதன்படி குறைய வேண்டும். இரண்டும் சரியே. எது மாறாமல் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் வாய்ப்பாட்டில் எண்களைப் போடுவதால்தான் குழப்பம் வருகிறது.

எங்கள் வீட்டுக் கீசரையே எடுத்துக்கொள்கிறேன். அதன் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று பொறித்திருக்கிறது. ஒரு மாலை நேரத்தில் மின்னழுத்தத்தை அளந்தபோது மல்டிமீட்டர் 212 வோல்ட் காட்டியது. வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 8 ஆம்பியர். (கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரு வயர் மட்டுமே இருக்க வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால், எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து மீட்டர் சுழியம் காட்டும்.) 212ஐ 8ஆல் வகுத்தால் மின்தடை 26.5 ஓம், இரண்டையும் பெருக்கினால் மின்திறன் 1696 வாட். தகட்டு விவரப்படி கணக்கிட்டால், 230இன் இருமடியை 2000ஆல் வகுக்க 26.45 ஓம் வருகிறது. ஆகவே கீசரில் பழுது ஏதும் இல்லை. தகட்டில் உள்ள 2000 வாட் என்பது 230 வோல்ட் வந்தால் மட்டுமே உண்மை; கீசர் தன்னுடையது என்று வைத்திருப்பது அந்த 26 ஓம் சொச்சத்தைத்தான்.

மின்னழுத்தம் 8 சதவீதம் குறைய, மின்திறன் 15 சதவீதம் குறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் கூடவே குறைவதால் இழப்பு இரட்டிப்பாகிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர, 2000 வாட்டில் 16 நிமிடம் போதும். 1696 வாட்டில் பதினெட்டரை நிமிடம் ஆகும். ஆனால் வெளியே கசியும் வெப்பத்தை ஒதுக்கிவிட்டால், இரண்டு முறையும் ஓடுவது அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம்தான். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் பில் ஏறும் என்ற பேச்சு கீசர் விஷயத்தில் எடுபடாது.

ஓம் விதியைத் தந்த ஜார்ஜ் ஓமுக்கும் மின்னழுத்தத்தின் இந்த நிலையின்மை தொல்லை கொடுத்தது. அவர் முதலில் பயன்படுத்திய மின்கலங்களின் அழுத்தம் சோதனையின் நடுவிலேயே தளர்ந்துகொண்டிருந்தது. பின்னர் வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தம் தரும், செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப இரட்டைக்கு மாறி, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தைப் பெற்ற பிறகே அவருக்குத் தெளிவான அளவீடுகள் கிடைத்தன. விதியை விளக்கும் அவருடைய நூல் 1827இல் வெளியானது. மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வெப்பம் பிறக்கிறது என்ற இயற்பியலாளர் ஜூலின் கட்டுரை வந்தது 1841இல்.

மின்தடை ஒரே எண்ணாக நிற்பது, நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோம் கம்பி கொண்ட கீசர், அயன் பாக்ஸ் போன்றவற்றில்தான். பழைய 100 வாட் குண்டு பல்பின் தடை, எரியும்போது 529 ஓம். அணைந்து ஆறிய பின் அளந்தால் 40 ஓமை ஒட்டித்தான் இருக்கும். சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாய்வதால், அந்த பல்புகள் பெரும்பாலும் போடும்போதே பியூஸ் போயின.

இனி வயருக்கு வருவோம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 15 மீட்டர் தூரம் போனால், போக வர 30 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.54 ஓம். இங்கே 230இன் இருமடியை 0.54ஆல் வகுப்பவர்களுக்குத் தொண்ணூற்றேழு கிலோவாட்டுக்கு மேல் விடை வரும். அத்தனை வெப்பத்தில் வயர் உருகி ஓடியிருக்கும். வயரின் இரு முனைகளுக்கு நடுவே இருப்பது 230 வோல்ட் அல்ல. மின்னோட்டம் எவ்வளவு என்பதைக் கீசரின் 26 ஓம் தீர்மானித்துவிடுகிறது, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.5 ஆம்பியரை வயர் வெறுமனே சுமக்கிறது. ஆகவே வயருக்குரிய கணக்கு மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கல்: சுமார் 39 வாட். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரானால் 16 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்த 39 வாட் முப்பது மீட்டருக்கும் பரவுவதால் கையில் இளஞ்சூடாகத்தான் தெரியும். ஆனால் பிளக்கின் முள் சாக்கெட்டுக்குள் தளர்ந்து, அந்தத் தொடுமுனையில் 0.2 ஓம் தடை உண்டானால், 14 வாட் ஒரு மிளகளவு இடத்தில் குவியும். முள் பழுப்பேறுவதும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிச் சாக்கெட்டோடு ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். சூட்டில் முள்ளின் மேல் ஆக்சைடு படிந்து தடை மேலும் ஏறும். மின்னோட்டம் அளவுமீறினால் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவே இல்லை. சாக்கெட்டை மாற்றுவது ஒன்றுதான் வழி.

மோட்டாருக்கு இந்தக் கணக்குகளை அப்படியே பொருத்தக் கூடாது. தண்ணீர் மோட்டாரின் சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம்களே காட்டும், ஆனால் ஓடும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும் வருவது வோல்ட்-ஆம்பியர்தான். அதில் உண்மையில் பயன்படும் பங்கைக் காட்டும் திறன் காரணியால் (பவர் ஃபேக்டர்) அதைப் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். அதற்கு வாட் மீட்டரையே வைத்துப் பார்ப்பது உத்தமம்.