ஓடும் சர்வரில் புது ஆப் ஏற்றுவது

என்னிடம் இருப்பது 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு வாடகை சர்வர். அதில் தெரிந்தவர்களுக்காக எழுதிய சின்னச் சின்ன ஃப்ளாஸ்க் (பைத்தானில் வலை ஆப் எழுத உதவும் கட்டமைப்பு) ஆப்கள் ஓடுகின்றன: சீட்டுக் கணக்கு, வாடகை நூலகப் பட்டியல், இப்படி. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது மற்றவை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. அவ்வளவுதான் என் பிடிவாதம்.

பைத்தான் ஆப்களை ஓட்டும் சர்வர் மென்பொருளான யூவிஸ்கியில் (uWSGI) இதற்கு நேர்வழி உண்டு. ஆப் எதுவும் இல்லாமலே அதைக் கிளப்பிவிடலாம். பிறகு, முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கித் தரும் வலை சர்வரான என்ஜின்எக்ஸ் (nginx), கோரிக்கையோடு எந்தப் பைத்தான் கோப்பை ஏற்ற வேண்டும் என்பதையும் ஒரு மாறியில் அனுப்பும். ஆப் அங்கேயே ஏறிவிடும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஏறுவது அந்தக் கோரிக்கை போய் விழுந்த வொர்க்கரில், அதாவது யூவிஸ்கி ஓட்டும் பல புராசஸ்களில் ஒன்றில், மட்டும். நான்கு வொர்க்கர் இருந்தால் நான்கும் தனித்தனியே ஏற்றும். ஃபோர்க்குக்கு (தாய்ப் புராசஸிலிருந்து வொர்க்கர்கள் பிரியும் கட்டம்) முன்பே ஏற்றியிருந்தால் பெரும்பகுதி பகிரப்பட்டிருக்கும் நினைவகம், இப்போது நான்கு பிரதி. "அண்ணே, ஒரு தடவ பட்டுனு வருது, ஒரு தடவ இழுக்குது" என்று சீட்டுக்காரர் போன் செய்ததற்குக் காரணம், ஆப் இன்னும் ஏறாத வொர்க்கரில் கோரிக்கை விழுவதுதான்.

இன்னொன்று, இதைவிட முக்கியம்: யூவிஸ்கி கோரிக்கை வாங்கும் சாக்கெட்டை (இணைப்பு வாசல்) வெளி உலகத்துக்குத் திறந்து வைத்தால், சர்வரில் எந்தக் கோப்பை ஓட்டுவது என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதே கணினிக்குள் மட்டும் பேசும் யூனிக்ஸ் சாக்கெட்தான் சரி.

ஆப்கள் தனித்தனித் துணை இன்டர்ப்ரெட்டரில் (ஒரே புராசஸுக்குள் பிரித்து வைத்த பைத்தான் சூழல்) ஓடினாலும் புராசஸ் ஒன்றுதான். சி மொழியில் எழுதிய ஏதோ ஒரு நூலகம் செக்ஃபால்ட் (தவறான நினைவகத்தைத் தொட்டு நொறுங்குவது) ஆனால் அந்த வொர்க்கரில் இருக்கும் எல்லா ஆப்பும் சேர்ந்தே விழும். சரி, நிரல் மாறினால் மட்டும் பைத்தானின் இம்போர்ட்லிப் நூலகத்தில் உள்ள, கோப்பை மறுபடி ஏற்றும் ரீலோட் போதுமா என்றால், பழைய ஆப்ஜெக்ட்கள் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குப் புராசஸையே புதிதாகத் தொடங்கிவிடலாம்.

அதனால் நான் யூவிஸ்கியிலேயே உள்ள எம்பரர் முறைக்கு மாறிவிட்டேன். ஒரு ஃபோல்டரைக் கண்காணிக்கச் சொன்னால் போதும். ஆப்பின் அமைப்புகளைச் சொல்லும் ஐஎன்ஐ கோப்பு வந்தால் தனிப் புராசஸ் பிறக்கும், அந்தக் கோப்பை டச் செய்தால் (அதன் நேரத்தை மட்டும் புதுப்பித்தால்) ரீலோட், அழித்தால் நின்றுவிடும். பக்கத்து ஆப்புக்கு எதுவும் தெரியாது. நினைவகம் கூடத்தான் செய்கிறது. யாரும் வராத ஆப்பைத் தூங்க வைத்து, கோரிக்கை வரும்போது எழுப்பும் வசதியும் அதிலேயே இருக்கிறது. நூலகப் பட்டியல் பெரும்பாலும் தூங்குகிறது.

2022 முதல் யூவிஸ்கி பராமரிப்பு நிலையில்தான் இருக்கிறது. இன்று புதிதாகத் தொடங்குபவர் என்றால் ஆப்புக்கு ஒரு கன்னிகார்ன் (Gunicorn, இன்னொரு பைத்தான் ஆப் சர்வர்), அதற்கு முன்னால் லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் சாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதைக்கு மாற்ற அவசரம் இல்லை.