பன்னிரண்டாம் நோட்டின் முதல் வரி

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் காலையில் ஒரு புதிய நோட்டைத் திறந்து, பழைய நோட்டில் பதில் கிடைக்காமல் மீந்திருக்கும் ஜெபக்குறிப்புகளை ஒவ்வொன்றாக அதில் எடுத்தெழுதுவது என் வழக்கம். பதில் கிடைத்தவற்றுக்கு எதிரே தேதி போட்டிருப்பேன். அவை பழைய நோட்டிலேயே தங்கிவிடும். வேலை, உடல்நலம், நண்பர் ஒருவரின் கடன் என்று எத்தனையோ குறிப்புகள் அப்படித் தேதி பெற்றுவிட்டன. முதல் வரி மட்டும் மாறவில்லை. "அண்ணன் ஆண்டவரிடம் திரும்பி வர வேண்டும், எங்களிடமும் வர வேண்டும்." இந்த ஆண்டு அதைப் பன்னிரண்டாம் முறையாக எழுதினேன்.

சபையில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் பதில் கிடைத்த பிறகே எழுந்து நிற்கிறார்கள். அந்தச் சாட்சிகள் எனக்கு மிகவும் தேவையானவை. ஆனாலும் பதில் வராத நடுவழியில் நிற்பவர் எதைப் பிடித்துக்கொண்டு மறுநாளும் முழங்கால்படியிடுகிறார் என்பதை, அதே நடுவழியில் நிற்கும் ஒருவர் எழுதினால் இன்னொருவருக்குத் துணையாக இருக்கும் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் உற்சாகமாகவே ஜெபித்தேன். மூன்றாம் ஆண்டில் என் ஜெபம் எனக்கே பழகிப்போய்விட்டது. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வாய் திறந்தால் நேற்றைய சொற்களே வந்தன. "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் எச்சரித்தது இதைத்தானோ என்று பல நாள் குழம்பினேன். அந்தக் குழப்பம் தீர்ந்தது மத்தேயு 26-ஆம் அதிகாரத்தை வாசித்த ஒரு காலையில். கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் போய், "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம்பண்ணினார் என்று அங்கே எழுதியிருக்கிறது. எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். அன்றுதான் கண்ணில் பட்டது. வீண்வார்த்தைகளைக் குறித்து எச்சரித்தவரே, தம் வாழ்வின் மிகக் கடினமான இரவில் ஒரே விண்ணப்பத்தை ஒரே சொற்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பாரம் மிகுந்த மனம் புதிய சொற்களைத் தேடிக்கொண்டிராது என்பதை அதற்குப் பின் ஏற்றுக்கொண்டேன்.

நான்காம் ஆண்டில் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். ஜெபித்தது போதும், இனி ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவுசெய்து, வசனங்களை அடுக்கி ஒன்பது பக்கக் கடிதம் ஒன்றை அண்ணனுக்கு அனுப்பினேன். அன்பினால் எழுதுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று அதன் நகலை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பத்தியிலும் என் பொறுமையின்மைதான் தெரிகிறது. அவர் இரண்டு ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. தேவனுடைய வாக்கைப் பெற்று ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில் 86-ஆம் வயதில் பணிப்பெண் ஆகாரிடம் பிறந்த இஸ்மவேலை, காத்திருக்க முடியாத மனம் தானே உண்டாக்கிக்கொண்ட பதில் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். என் கடிதம் அப்படிப்பட்ட ஒரு பதில்.

இந்தப் பொருளைப் பேசும்போது எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பகுதி லூக்கா 18-இல் வரும் விதவையின் உவமை. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் அவள் ஓயாமல் போய் நின்றாள். கடைசியில் தொல்லை தாங்காமல் அவன் இணங்கினான். ஆகையால் நாமும் ஓயாமல் கேட்டால் தேவனும் இணங்குவார் என்று சிறுவயதில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்படி வாசித்தால் பரமபிதாவை அந்த நியாயாதிபதியின் இடத்தில் உட்காரவைத்துவிடுகிறோம். தேவனுக்குப் பயப்படாதவனும் மனுஷரை மதிக்காதவனுமான ஒருவனே முடிவில் நியாயஞ்செய்தான் என்றால், தம்மை இரவும் பகலும் நோக்கிக் கூப்பிடுகிறவர்களைத் தேவன் எப்படிக் கைவிடுவார் என்பதே இயேசுவின் வாதம். எனக்கு இந்த வேறுபாடு பெரிய விடுதலையாக இருந்தது. அதுவரை ஒவ்வொரு உபவாச நாளையும் தவணை கட்டுவதைப் போல எண்ணிக்கொண்டு, இன்னும் எத்தனை கட்டினால் கணக்கு தீரும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் உபவாசிக்கிறேன், கணக்கு வைப்பதில்லை.

என்னை அதிகமாகத் தாங்கியவர், லூக்கா முதல் அதிகாரத்தில் வரும் ஆசாரியரும் யோவான்ஸ்நானனின் தகப்பனுமான சகரியா. அவரும் அவர் மனைவி எலிசபெத்தும் குற்றமற்றவர்களாய் நடந்தார்கள் என்று லூக்கா முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே பிள்ளையில்லாததைச் சொல்கிறார். பதில் தாமதிப்பதற்கு ஒளிந்திருக்கும் பாவமே காரணம் என்று விரல் நீட்டுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சீட்டுப்போட்டுத் தெரிந்துகொள்ளப்பட்டு அவர் தூபங்காட்டத் தேவாலயத்துக்குள் போகிறார். வெளியே ஜனங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். தூபபீடத்தின் வலதுபக்கத்தில் நின்ற தூதன் சொன்னது: "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது." எந்த வேண்டுதல்? அந்நேரத்தில் இஸ்ரவேலின் மீட்புக்காக அவர் செய்த ஜெபம் என்று விளக்குவோரும் உண்டு. ஆனால் தூதனின் அடுத்த சொற்களே எலிசபெத்து பெறப்போகும் குமாரனைப் பற்றியவை. அந்தச் செய்தியை நம்ப முடியாமல், நான் கிழவனாயிருக்கிறேனே என்கிறார் சகரியா. அந்தப் பழைய விண்ணப்பத்தை அவர் என்றோ நிறுத்தியிருக்க வேண்டும் என்றே நான் வாசிக்கிறேன். கேட்டவரே கைவிட்டிருந்தாலும் கேட்கப்பட்டவர் அதைக் கைவிடவில்லை.

வெளிப்படுத்தின விசேஷம் 5-ஆம் அதிகாரத்தில், பரிசுத்தவான்களுடைய ஜெபங்களாகிய தூபவர்க்கத்தால் நிறைந்த பொற்கலசங்கள் வருகின்றன. சகரியாவின் கையில் இருந்த தூபத்தையும் அந்தக் கலசங்களையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம், ஏறெடுத்த ஜெபம் எங்கோ காற்றில் கலைந்துபோவதில்லை, சேர்த்துவைக்கப்படுகிறது என்று என் மனம் நிலைகொள்கிறது. இந்த எண்ணம் எனக்குத் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு.

அம்மா ஒவ்வோர் இரவும் விளக்கை அணைக்கும் முன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆண்டவரே, என் மூத்த பிள்ளையை நினைத்தருளும்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். சொன்ன பிறகு சற்று நேரம் அப்படியே இருப்பார். ஒன்பதாம் ஆண்டில் அம்மா இறந்துபோனார். மோனிக்கா, பின்னாளில் திருச்சபையின் பெரும் போதகரான தம் மகன் அகுஸ்தீனுக்காகக் கண்ணீரோடு பல ஆண்டுகள் ஜெபித்து, 387-இல் மிலான் நகரில் அவர் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணாரக் கண்டு, அதே ஆண்டில் மரித்தார். அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. அடக்க நாளில் அண்ணன் வந்தார். எல்லாருக்கும் பின்னால் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "கர்த்தருடைய வேளை என்று ஒன்று இருக்கிறது" என்றார்கள். உண்மைதான், ஆனால் அன்று அதைக் கேட்க என்னால் இயலவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்வதைவிட, பக்கத்தில் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது நல்லது.

அடுத்த ஜனவரியில் முதல் வரியை எழுதாமல் வெறுமையாக விட்டேன். ஜெபித்தவரே போன பிறகு அந்த ஜெபம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, சகரியாவின் பகுதி அன்றைய வாசிப்பாக வந்தது. வாசித்து முடித்துவிட்டு, விட்டிருந்த இடத்தில் பென்சிலால் அந்த வரியை எழுதினேன். அம்மா சொன்ன வாக்கியத்தையும் அதன் கீழே சேர்த்தேன். அன்றிலிருந்து இரண்டையும் சொல்லி ஜெபிக்கிறேன்.

சென்ற மாதம் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். சில நிமிடங்கள் பொதுவாகப் பேசினார். வைக்கும் முன், "அம்மாவின் வேதாகமம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம்தான் இருக்கிறது என்றேன். "சரி, பத்திரமாக வைத்திரு" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைய பக்கத்தில் அந்த உரையாடலை அப்படியே எழுதி வைத்தேன். முதல் வரிக்கு எதிரே தேதி எதுவும் போடவில்லை.