பதினாறு கேள்விகளும் ஒரு மாத்திரை அட்டையும்

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்குக் கர்ப்பிணிகளின் சுகாதார எழுத்தறிவை அளக்கப் போனேன். டாக்டர் சொல்வதையும் செக்கப் அட்டையில் எழுதியிருப்பதையும் புரிந்துகொண்டு அதன்படி நடக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஐரோப்பாவில் உருவான எச்.எல்.எஸ். கேள்வித்தாளில் 47 கேள்விகள். நான் எடுத்தது அதன் 16 கேள்விச் சுருக்கம். 'எளிது' என்றால் ஒரு மதிப்பெண், 'கடினம்' என்றால் சுழியம். 13 வந்துவிட்டால் போதுமான அறிவு என்று கணக்கு.

மொழிபெயர்ப்பே பாதி உயிரை வாங்கியது. 'ஊடகத் தகவலின் நம்பகத்தன்மையை மதிப்பிடுதல்' என்று எழுதிக் காட்டினால் யாருக்கும் பிடிபடவில்லை. 'யூடியூப்பில் சொல்வதை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவது' என்றதும் பதில் வந்தது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம் எல்லாம் முடிந்து, செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போய் உட்கார்ந்தேன்.

பல இடங்களில் மாமியார்தான் பதில் சொன்னார். மருமகளைத் தனியாகக் கேட்டால் எல்லாமே 'எளிதுதான் சிஸ்டர்'. வெள்ளைக் கோட்டுப் போட்டவளிடம் கஷ்டம் என்று எப்படிச் சொல்வார்கள்?

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் 16க்கு 15 வாங்கினார். அவர் செக்கப் அட்டையில் ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. எண்ணைச் சரியாக வாசித்தார், ஆனால் அது குறைவு என்று அவருக்குத் தெரியவில்லை. பையில் இருந்த இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுக்கச் சொல்லி, எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"காலைல டீ குடிச்சதும் சிஸ்டர். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் சேத்தே போட்டுடுவேன், மறந்துடக் கூடாதுல்ல."

ஒரு நாள்கூடத் தவறவிடாதவர் அவர். டீயும் கால்சியமும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதை அவருக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் திருப்பிக் கேட்டுப் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. அங்கேயே விளக்கிவிட்டு, "இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா" என்றேன். "சுண்ணாம்பு, சாப்பிட்டதும். இரும்பு, ரெண்டு மணி நேரம் கழிச்சு. டீ பக்கத்துலயே வரக் கூடாது."

அப்புறம் குழுவிடம் மறுபடி அனுமதி வாங்கி, அட்டையையும் மாத்திரையையும் கையில் கொடுத்துக் கேட்கும் ஐந்து கேள்விகளைச் சேர்த்தேன். இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டி ஒரே எண்ணாக்கலாமே என்றார் வழிகாட்டி. நான் சம்மதிக்கவில்லை. கூட்டினால் அந்த 9.2 மறைந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தனி எண்ணாகவே போட்டேன்.