பிழையே காட்டாத ஃபார்முலாதான் மதிப்பெண்ணைத் தின்றது

எக்செல் விரிதாளில் செய்யும் கணினிச் செய்முறைத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எந்த செல்லிலும் ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை. நிம்மதியாக வெளியே வந்தேன். ஆனால் பட்டியலில் ஒன்றைத் தேடி அதன் விவரத்தை எடுத்துத் தரும் விலுக்அப் ஃபார்முலா கேள்விக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. காரணம், சரியாகப் பொருந்துவதை மட்டும் எடு என்று சொல்லக் கடைசியில் போட வேண்டிய ஃபால்ஸை விட்டிருந்தேன். அதை விட்டால் எக்செல் ஏறத்தாழப் பொருந்துவதையே எடுத்துக்கொள்ளும். முதல் நெடுவரிசை ஏறுவரிசையில் இருக்கிறது என்று நம்பித் தேடும். என் பட்டியல் வரிசையாக இல்லை. அதனால் ஒரு பொருளுக்கு வேறொன்றின் விலை வந்து உட்கார்ந்துவிட்டது, சத்தமே இல்லாமல்.

அதன்பிறகு சிவப்புக்கொடி காட்டும் பிழைகளைக் கண்டு பயப்படுவதை விட்டேன். அவை இடத்தையாவது காட்டுகின்றன. விடையை முதலில் கண்ணால் இரண்டு மூன்று வரிகளில் சரிபார்ப்பதைப் பழக்கமாக்கினேன்.

பட்டியலில் பெயர் இருந்தும், கிடைக்கவில்லை என்று சொல்லும் என்/ஏ பிழை வருகிறதா? பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும். இரண்டு செல்லிலும் லென் போட்டு நீளத்தை ஒப்பிடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். தேவையற்ற இடைவெளியை நீக்கும் ட்ரிம் போட்டும் போகவில்லை என்றால், அது பெரும்பாலும் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிவந்த, 160 என்ற குறியீட்டு எண் கொண்ட இடைவெளி. அதை ட்ரிம் தொடாது; ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட்டுக்குள், அந்த இடைவெளியைக் குறிக்கும் கேர் 160 கொடுத்து நீக்க வேண்டும். எண்களாகத் தெரிபவை செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், அவை எழுத்தாகச் சேமிக்கப்பட்டவையாக இருக்கலாம். சம் அவற்றைக் கூட்டாமல் தாண்டிப்போகும்.

இதையெல்லாம் பார்க்காமல், பிழைக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் இஃப்எரர் போட்டு மூடுவது எனக்குப் பிடிக்காது. காரணம் தெரிந்த பிறகுதான் அதைப் போட வேண்டும்.

நீளமான ஃபார்முலாவில் எங்கே சிக்கல் என்று தெரியாதபோது எனக்கு அதிகம் உதவியது எஃப்9. ஃபார்முலா பட்டையில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால், அந்தத் துண்டின் விடை அங்கேயே தெரியும். உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். முடிந்ததும் எஸ்கேப் அழுத்துங்கள். என்டர் தட்டினால் அந்த விடையே ஃபார்முலாவுக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

எக்செல்லுக்குள் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதும் நிரலான மேக்ரோவில் முதலில் மேலே, மாறிகளை அறிவித்தே ஆக வேண்டும் என்று சொல்லும் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் எழுதுங்கள். மாறியின் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் ஓடுவதற்கு முன்பே பிடித்துவிடும். வரி எண்ணை வைக்கும் மாறியை, பெரிய முழு எண்களைத் தாங்கும் லாங் வகை என்றே அறிவியுங்கள். இன்டிஜர் 32,767 வரைதான் தாங்கும். ஒரு தாளில் 10,48,576 வரிகள் உண்டு. ஒவ்வொரு வரியாகச் சோதித்து நீக்கும் லூப் மேலிருந்து கீழே ஓடினால், ஒன்றை நீக்கியதும் அடுத்தது மேலே ஏறிவிடும், அது சோதிக்கப்படாமலே தப்பிவிடும். ஸ்டெப் மைனஸ் 1 கொடுத்துக் கீழிருந்து வாருங்கள். சந்தேகம் இருந்தால் எஃப்8 அழுத்தி வரி வரியாக ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டாம் தேர்வில் ரன் அழுத்தும் முன் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் மேக்ரோ செய்த மாற்றத்தை கன்ட்ரோல் இசட் திருப்பித் தராது. சேமிக்கும்போது எக்ஸ்எல்எஸ்எம் வகையைத் தேர்ந்தெடுத்தேனா என்றும் ஒருமுறை பார்த்தேன். எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்திருந்தால் எழுதிய மேக்ரோ முழுவதும் கோப்பிலிருந்து போயிருக்கும்.