ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் துணை மாத்திரையும்

மாதவிடாய் நின்றபின் வரும் திடீர் உடல் சூட்டுக்கும் இரவு வியர்வைக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் இதை எழுதிக் கொடுத்து, தொடர்ந்து கவனிக்கும் வேலையில் இருக்கும் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது ஈஸ்ட்ரோஜன் அல்ல. அதோடு சேர்த்து எழுதும் புரோஜெஸ்டிரோன் என்னும் துணை மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுவதுதான்.

அதனால் எங்கள் முதல் கேள்வி, கர்ப்பப்பை இருக்கிறதா என்பது. ‘வயிற்றில் ஆபரேஷன் நடந்தது’ என்பார்கள்; எதை எடுத்தார்கள் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் பார்க்கிறோம், இல்லாவிட்டால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுகிறோம். ஊகித்து எழுதுவதில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெரும்பாலானவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை இருப்பவருக்குத் துணை மாத்திரை கட்டாயம். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். அதைக் கட்டுக்குள் வைப்பது புரோஜெஸ்டிரோன். ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் உட்சவ்வில் புற்றுநோய் கூடுகிறது என்று 1975-லேயே ஆய்வுகள் வெளியாகிவிட்டன. 1996-ல் வெளியான பெப்பி ஆய்வு முடிவில், கர்ப்பப்பையோடு மூன்று ஆண்டுகள் 0.625 மி.கி. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு உட்சவ்வு மிகையாக வளர்ந்திருந்தது. மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் அது 2 சதவீதம்தான்.

வழக்கமாக எஸ்ட்ராடையால் என்னும் ஈஸ்ட்ரோஜனைத் தினமும் 1 மி.கி. என்று தொடங்குகிறோம், 0.5 மி.கி.யிலேயே அடங்கிவிடுபவர்களும் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் சூடு குறையத் தொடங்கும். முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். பத்தாம் நாளே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று வருபவருக்கு அளவைக் கூட்டக் கூடாது. மார்பக வலியும் குமட்டலும்தான் மிஞ்சும். மூன்று மாதம் கழித்தும் தொல்லை இருந்தால் 2 மி.கி. வரை போகலாம். அப்போது துணை மருந்தின் அளவு போதுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துணை மாத்திரை பெரும்பாலும் மைக்ரோனைஸ்டு (மிக நுண்ணிய துகளாக்கிய) புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல், தினமும் இரவு 100 மி.கி. மாதவிடாய் நின்று அதிக நாள் ஆகாதவர்களுக்கு மாதத்தில் 12 நாள் மட்டும் 200 மி.கி.; இந்த முறையில் ஒவ்வொரு மாதமும் தீட்டு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படுக்கும் நேரத்தில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது தூக்கத்தை வரவழைக்கும் மருந்து. காலையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் நாள் முழுக்கத் தலைசுற்றும், அசதியாக இருக்கும். ‘இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். இரவுக்கு மாற்றினால் அதே மருந்து தூக்கம் கெட்டவருக்கு உதவியாகிறது. சில கேப்ஸ்யூல்களில் கடலை எண்ணெய் இருக்கும். நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் எழுதக் கூடாது.

துணை மாத்திரை விட்டுப்போவதற்கு, இரண்டு மருந்தின் அட்டைகளும் ஒரே நாளில் தீராது என்பதும் ஒரு காரணம். கேப்ஸ்யூல் முதலில் தீர்ந்தால், சூட்டைத் தணிக்கும் மாத்திரை கையில் இருக்கிறதே என்று அதை மட்டும் தொடர்வார்கள். உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. இரண்டும் கலந்த ஒரே மாத்திரையோ, லெவொநார்ஜெஸ்ட்ரல் என்னும் புரோஜெஸ்டிரோன் போன்ற மருந்து உள்ள, கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனமோ இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல மாற்று.

இரண்டையும் தினமும் எடுப்பவருக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதம் இடையிடையே ரத்தக்கசிவு இருக்கலாம். இதைச் சொல்லாமல் அனுப்பினால் பயந்துபோய் ஏதோ ஒரு மாத்திரையை அவர்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், பெரும்பாலும் துணை மாத்திரையைத்தான். ஆறு மாதத்துக்குப் பிறகும் கசிந்தால், அதிகமாகப் போனால், அல்லது நின்றிருந்தது திரும்ப வந்தால், முதலில் ‘இரவு கேப்ஸ்யூல் தவறாமல் போடுகிறீர்களா’ என்று கேட்கிறோம். பதில் எதுவானாலும் ஸ்கேனும், தேவைப்பட்டால் உட்சவ்வுத் திசுப் பரிசோதனையும் உண்டு.

வாய்வழி ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறைய வைக்கும் புரதங்களையும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பையும் கூட்டிவிடுகிறது. எனவே அதிக உடல் எடை, புகைப் பழக்கம், பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்குத் தோலில் ஒட்டும் பேட்ச் அல்லது ஜெல்லையே முதலில் யோசிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் அல்லது காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு அதன் தேவை கூடலாம்; தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காவிட்டால், புதிதாக வந்த சோர்வுக்கு ஈஸ்ட்ரோஜன்மேல் பழி விழும். வலிப்புக்கு லாமோட்ரிஜின் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் அதன் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஈஸ்ட்ரோஜனையே குறைத்துவிடும்.

புற்றுநோய் பயம் 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வோடு பரவியது. குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த 0.625 மி.கி. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டின் என்னும் செயற்கைத் துணை மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் கண்டார்கள். பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மேலோங்குகிறது. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்வதும் தவறு. பத்தாயிரத்துக்கு 8 என்ற எண்ணை அப்படியே சொன்னால் கேட்பவர் தாமே முடிவெடுப்பார்.

பிறப்புறுப்பு வறட்சி மட்டுமே தொல்லை என்றால் வாய்வழி மாத்திரை தேவையில்லை, உள்ளே வைக்கும் சிறிய அளவு ஈஸ்ட்ரோஜனே போதும். ஒரு நாள் மாத்திரை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. நிறுத்த நினைப்பவர் ஓரிரு மாதத்துக்கு ஒரு படி என்று 1 மி.கி.யிலிருந்து 0.5-க்கு இறங்கலாம், அளவு பாதியாகிவிட்டதே என்று இரவு கேப்ஸ்யூலை முன்னதாக விடக் கூடாது, கடைசி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வரை அது கூடவே இருக்க வேண்டும்.